பாகான் டத்தோவின் தென்னைகளும் கொம்பு வண்டும்

பேராக் ஆற்றுக்கும் பெர்ணம் ஆற்றுக்கும் நடுவே, மலாக்கா நீரிணையை நோக்கி நீண்டு கிடக்கும் தட்டை நிலம்தான் பாகான் டத்தோ. முன்பு கீழ்ப் பேராக் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வட்டாரம், 2017ஆம் ஆண்டில் மாநிலத்தின் 12ஆவது மாவட்டமாயிற்று. மாவட்டம் புதிது, ஆனால் இதன் பெயர் பழையது. மலேசியாவில் தேங்காய் என்றால் பாகான் டத்தோ, பாகான் டத்தோ என்றால் தேங்காய் என்று சொல்லும்படி பெயரெடுத்த சீமை இது.

இங்கே வர விரும்பும் அன்பர்கள் முதலில் தெலுக் இந்தானுக்கு வர வேண்டும். 1982 வரை தெலுக் ஆன்சன் என்று அழைக்கப்பட்ட ஊர் அது. 1885இல் கட்டப்பட்டு இன்றும் சாய்ந்தபடியே நிற்கும் கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஊத்தான் மெலிந்தாங் வழியாகச் சிம்பாங் அம்பாட்டை அடைந்து, அங்கிருந்து கடலை நோக்கித் திரும்பினால் பாகான் டத்தோ சாலை. சுங்கை சுமுன் தாண்டிச் செல்லும் இச்சாலையில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எங்கு பார்த்தாலும் வாய்க்கால்கள். கடல் நீர் உள்ளே புகாதபடி மண்கரைகளும், ஏற்றவற்றத்திற்கு ஏற்பத் திறந்து மூடும் மதகுகளும் காவல் காக்கின்றன. அந்த வாய்க்கால் கரைகளில் வளைந்தும் நிமிர்ந்தும் நிற்கின்றன தென்னைகள்.

சாலையோரத்தில் உரித்த தேங்காய்கள் குவிந்து கிடக்கும். நட்டு வைத்த இரும்பு முனையில் தேங்காயைக் குத்தி, ஒரு திருப்புத் திருப்பி மட்டையைக் கழற்றும் கைகளின் வேகத்தைப் பார்த்தால் நமக்கே மூச்சு வாங்கும். ஜாவானியரும் பஞ்சார் மக்களும் தமிழரும் சீனரும் இந்த மண்ணில் தென்னையை நம்பி வாழ்ந்திருக்கிறார்கள். தோட்டப்புறங்களில் நம்மவர்கள் காய் பறித்தார்கள், உரித்தார்கள், கொப்பரை காய வைத்தார்கள். பெண்கள் ஈர்க்கு கிழித்துத் துடைப்பம் கட்டினார்கள்.

கொக்கோவைத் தின்ற புழு

1970களிலும் 1980களிலும் இத்தென்னைகளின் நிழலில் கொக்கோ பயிரிட்டார்கள். மேலே தேங்காய், கீழே கொக்கோ என்று ஒரே நிலத்தில் இரண்டு வருமானம். ஆனால் கொக்கோக் காயைத் துளைக்கும் ஒரு சிறு பூச்சி 1980இல் சபாவில் தலைகாட்டியது. 1986இல் தீபகற்பத்திற்கும் வந்துவிட்டது. விலை வீழ்ச்சியும் சேர்ந்துகொள்ள, கொக்கோ மரங்கள் வெட்டப்பட்டன. நாளடைவில் பல தென்னந்தோப்புகளும் செம்பனைக்கு இடம்விட்டன. கொசுவை விடச் சற்றே பெரிய ஒரு பூச்சி ஒரு வட்டாரத்தின் பிழைப்பையே மாற்றும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இன்று இச்சாலையில் போகிறவர்கள் தென்னையின் தலையை நிமிர்ந்து பார்க்க வேண்டும். பல மரங்களில் ஓலைகள் ஒழுங்காக இல்லை. யாரோ பெரிய கத்தரிக்கோலால் முக்கோணம் முக்கோணமாக வெட்டி எடுத்தாற்போல் இருக்கும். சில ஓலைகள் விசிறி போலக் குட்டையாகத் தெரியும். இது காற்றின் வேலையன்று. கொம்பு வண்டின் வேலை. நூல்களில் இதற்குக் காண்டாமிருக வண்டு என்று பெயர். மலாய்க்காரர்கள் கும்பாங் பாடாக் என்பார்கள். கறுப்பாகப் பளபளக்கும் உடலும், தலையில் காண்டாமிருகத்தைப் போல் ஒற்றைக் கொம்பும் உடையது. மழை நாளில் தெருவிளக்கின் கீழே மல்லாந்து கிடந்து காலை உதைத்துக்கொண்டிருக்கும் இந்த வண்டைப் பிடித்து, நூல் கட்டி விளையாடாத தோட்டத்துப் பிள்ளைகள் குறைவு.

வண்டு எப்படி வேலை செய்கிறது?

மாமரத்தில் ஒரு கிளை போனால் மறுகிளை துளிர்க்கும். தென்னைக்கு அந்த வசதி இல்லை. அதற்கு உச்சியில் ஒரே ஒரு குருத்துத்தான். மாதத்திற்கு ஓர் ஓலை என்ற கணக்கில் அக்குருத்திலிருந்தே எல்லாம் வர வேண்டும். குருத்து அழிந்தால் மரம் அழிந்தது.

கொம்பு வண்டு இரவில் பறந்து வந்து, மட்டையின் இடுக்கில் துளையிட்டு, இன்னும் விரியாத குருத்தின் சாற்றை உறிஞ்சுகிறது. உள்ளே சுருண்டிருக்கும் இளம் ஓலை அப்போதே வெட்டுப்பட்டுவிடும். பல வாரங்கள் கழித்து அவ்வோலை விரியும்போதுதான் முக்கோணம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆக, நாம் இன்று பார்ப்பது பழைய காயம். பாளை வெட்டுப்பட்டால் காய் குறையும். குருத்தின் அடிக்கழுத்தே துளைபட்டால் மரம் பட்டுப்போகும். நட்டு ஓரிரு ஆண்டே ஆன தென்னம்பிள்ளைகள் இதில் எளிதாகச் செத்துவிடும்.

மரத்தைத் தாக்குவது வளர்ந்த வண்டு மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். அதன் புழு உயிருள்ள தென்னையைத் தொடுவதில்லை. அது வளர்வது மக்கிப்போன மரத்தண்டில், எருக்குழியில், மரத்தூள் குவியலில், மட்டைக் குப்பையில். முட்டை பொரிக்க ஏறக்குறைய 10 நாள். புழுவாக மூன்று மாதத்திற்கு மேல். கூட்டுப்புழுவாகச் சுமார் மூன்று வாரம். பிறகு வண்டாகிப் பல மாதம் வாழ்கிறது. வண்டு மரத்தின் மேலே இருந்தாலும் அதன் தொட்டில் தரையிலே இருக்கிறது.

ஒரு கொல்லையில் கண்டது

சுங்கை சுமுன் பக்கத்தில் எனக்குப் பழக்கமான ஒரு பாட்டியின் வீடு இருக்கிறது. கொல்லையில் மூன்று தென்னை. கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மாதந்தோறும் விழும் காய்களைக் கடைக்குப் போட்டு, வரும் பணத்தில் மின்சாரக் கட்டணத்தைக் கட்டிவிடுவார். யாரிடமும் கைநீட்டாமல் இருப்பதில் அவருக்கு ஒரு பெருமை. ஒரு பள்ளி விடுமுறையில் நான் போயிருந்தபோது மூன்று மரங்களின் ஓலையும் கந்தலாக இருந்தன. காயும் பாதியாகிவிட்டது.

"வாத்தியார் தம்பி, மவன் கோலாலம்பூர்லேருந்து போன் போட்டு வெட்டிடச் சொல்றான். வீட்டு மேல விழுந்துருமாம். மூனும் அவரு கையால வெச்சது. எனக்கு மனசு வரல" என்றார் பாட்டி.

காய் பறிக்க வரும் பெரியவரைக் கூட்டி வந்தோம். தோட்டத்தில் காய் வெட்டியே தலை நரைத்தவர். மரத்தில் ஏறியவர் ஒரு கம்பிக் கொக்கியை மட்டை இடுக்கில் விட்டு, கறுத்த வண்டு ஒன்றை இழுத்துக் கீழே போட்டார். மூன்று மரங்களிலுமாக ஐந்து வண்டுகள் விழுந்தன.

"ரெண்டு மரத்துக்கு ஒன்னும் ஆவல அக்கா, குருத்து கெட்டியா இருக்கு. அந்தக் கடைசி மரந்தான் சரியில்ல. புளிச்ச வாடை அடிக்குது. சரி, வண்டு எங்கேருந்து வருதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, வேலிக்கு அப்பால் கையை நீட்டினார்.

அடுத்த வீட்டுக் கொல்லையில், இடி விழுந்து பட்டுப்போன ஒரு தென்னையை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். இரண்டு ஆண்டாகத் தண்டு அங்கேயே கிடந்தது. அதன்மேல் தேங்காய் மட்டையும் புல்லும் கொட்டிக் குப்பை மேடாகியிருந்தது. அண்டை வீட்டுக்காரரைக் குற்றம் சொல்வதற்கில்லை. வெட்டிய மரத்தை அகற்ற ஆள் கூலி அதிகம். எரிக்கலாமென்றால் திறந்தவெளியில் எரிப்பதைச் சுற்றுச்சூழல் சட்டம் தடுக்கிறது. ஆதலால் கிடந்தது.

பெரியவர் கடப்பாரையால் தண்டைக் கிளறினார். சோறு போல் மக்கியிருந்த நாருக்குள் கட்டை விரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் வளைந்து வளைந்து கிடந்தன. பழுப்பு நிறத் தலை. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கிய பிள்ளைகள் எண்ணுவதை விட்டுவிட்டு வாளி கொண்டு வந்தார்கள். வாளி நிறைந்தது. அன்று அந்த வரிசையில் இருந்த கோழிகளுக்குத் தீபாவளி!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்கு வீட்டுக்காரர்கள் ஒன்றுகூடி அந்தத் தண்டைத் துண்டு போட்டுப் பிளந்து வெயிலில் உலர்த்தினார்கள். குப்பையைப் பரப்பிப் புழுக்களைப் பொறுக்கினார்கள். வேலையில் முன்னால் நின்றவர் அந்த அண்டை வீட்டுக்காரரே. அவர் வீட்டிலும் இரண்டு தென்னம்பிள்ளைகள் இருந்தன, இரண்டும் வெட்டுப்பட்டிருந்தன. தம் கொல்லையில் வளர்ந்த வண்டுதான் தம் பிள்ளையையும் தின்கிறது என்று அவருக்குத் தெரியாது.

பாட்டியின் மூன்று மரங்களில் கடைசி மரம் போய்விட்டது. மற்ற இரண்டும் பிழைத்தன. அடுத்த விடுமுறையில் பார்த்தபோது வெட்டில்லாத முழு ஓலை விரிந்திருந்தது. போன மரத்தின் தண்டை மட்டும் பாட்டி ஒரு நாள்கூடக் கிடக்க விடவில்லையாம். வெட்டிய அன்றே பிளக்கச் சொல்லிவிட்டாராம்.

சமோவாவுக்குப் போன வண்டு

கொம்பு வண்டு தெற்காசியாவிலும் நம் தென்கிழக்காசியாவிலும் தொன்றுதொட்டு இருப்பது. இங்கே அது பழைய குடி. ஆனால் பசிபிக் தீவுகளுக்கு அது வந்தேறி. 1909இல் இலங்கையிலிருந்து ரப்பர் கன்றுகள் கப்பலேறிச் சமோவாத் தீவுக்குச் சென்றபோது, அவற்றோடு இந்த வண்டும் சேர்ந்தே சென்றது. தென்னையே உயிராக இருந்த அத்தீவுகளில் அதைத் தடுக்க இயற்கை எதிரி எதுவும் இல்லை. மரங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன.

அதற்கு மருந்து கிடைத்த இடம் எது தெரியுமா? நம் மலேசியாதான். இங்கே வண்டுப் புழுக்களை ஆராய்ந்த ஹூகர் என்னும் ஜெர்மானிய அறிஞர், 1963இல் அவற்றைக் கொல்லும் ஒரு நச்சுயிரியைக் கண்டுபிடித்தார். 1967இல் அது சமோவாவில் விடப்பட்டது. நோய் பிடித்த வண்டு பறந்துபோய் மற்ற வண்டுகளுக்கும் நோயைப் பரப்ப, சில ஆண்டுகளில் சேதம் வெகுவாகக் குறைந்தது. நம் நாட்டில் இந்த வண்டு எல்லா மரத்தையும் அழித்துவிடாமல் இருப்பதற்கும் இந்நோய் ஒரு காரணம்.

ஆனால் நோயையே நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. 2007இல் குவாம் தீவில் நுழைந்த வண்டினம் இந்த நோய்க்கு எளிதில் மசியவில்லை. 2013இல் ஹவாய்த் தீவுக்கூட்டத்திலும் வண்டு காணப்பட்டது. நம் நாட்டிலோ, பழைய செம்பனைகளைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது தண்டுகளைச் சீவி நிலத்திலேயே மக்க விடுகிறார்கள். புகை இல்லாத நல்ல முறைதான். ஆனால் அத்தண்டுகளின் மேல் கொடிப்பயிர் விரைவாகப் படரவில்லையென்றால் அவை வண்டுக்குத் தொட்டிலாகிவிடுகின்றன. மறுநடவு நடக்கும் நிலத்திற்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் தங்கள் வீட்டுத் தென்னையைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது எதிரி

பாட்டியின் மூன்றாவது மரத்தைக் கொன்றது கொம்பு வண்டு அன்று. அது திறந்துவிட்ட வாசலில் நுழைந்த கூன்வண்டு. யானைத் துதிக்கை போன்ற நீண்ட மூக்குடைய இவ்வண்டு, காயம்பட்ட மரத்தின் வாடையைத் தேடி வந்து முட்டையிடும். இதன் புழு உயிருள்ள மரத்தையே உள்ளிருந்து தின்னும். தண்டில் காதை வைத்தால் நறநறவென்ற ஓசை கேட்பதும் உண்டு. துளைகளிலிருந்து பழுப்புச் சாறு வழியும். புளித்த வாடை அடிக்கும். கொண்டை குடை சாய்வதுபோல் தொங்கிவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

கூன்வண்டில் சிவப்புக் கூன்வண்டு என்பது மிகப் பொல்லாதது. மலாயில் கும்பாங் மேரா பால்மா என்பார்கள். 2007இல் திரெங்கானுவில் இது கண்டறியப்பட்டது. பின்னர் வேறு மாநிலங்களுக்கும் பரவியது. கடலோரக் கம்பங்களில் வீட்டுத் தென்னைகள் பல வெட்டப்பட்டன. இதே வண்டுதான் 1980களில் அரபு நாடுகளுக்குச் சென்று பேரீச்ச மரங்களையும் பதம் பார்த்தது. வண்டு தானாகப் பறந்து போகும் தொலைவு சிறிது. மனிதன் கன்றுகளோடும் மரங்களோடும் ஏற்றிச் செல்லும் தொலைவே பெரிது. ஆகவே வண்டு கண்ட வட்டாரத்திலிருந்து அழகுக்காகவோ ஆசைக்காகவோ தென்னங்கன்றோ வேறு பனையினக் கன்றோ கொண்டு வரக்கூடாது. இந்த அறிகுறி தென்பட்டால் விவசாய இலாகாவுக்குத் தெரிவிப்பது நம் கடமை.

வெயிலும் மழையும்

வண்டு வலுவான மரத்தை விட நலிந்த மரத்தை எளிதில் வெல்லும். நம் மேற்குக் கரையில் ஆண்டுத் தொடக்கத்திலும் ஜூன், ஜூலையிலும் மழை குறையும். அக்டோபர், நவம்பரில் கொட்டித் தீர்க்கும். 1997-98இலும் 2015-16இலும் வந்த எல் நினோ வறட்சியை நாம் மறந்திருக்க மாட்டோம்.

தென்னை வறட்சியை அன்றே சொல்லாது. பாளை வெடித்துக் காய் முற்றவே ஏறத்தாழ ஓராண்டு பிடிக்கும். அப்பாளை குருத்துக்குள் உருவாகத் தொடங்குவது அதற்கும் வெகு முன்னால். அதனால் இந்த ஆண்டின் வெயில் அடுத்த ஆண்டிலும் அதற்கு மறு ஆண்டிலும் குரும்பை உதிர்வாகத் தெரியும். "நல்ல மழை பெய்தும் காய்க்கவில்லையே, செய்வினையோ?" என்று சிலர் எலுமிச்சம்பழம் கட்டுவார்கள். கட்ட வேண்டியது எலுமிச்சம்பழம் அன்று. ஊற்ற வேண்டியது தண்ணீர்.

வெயில் காலத்தில் பாத்திரம் கழுவிய நீரையாவது மரத்தின் அடியைச் சுற்றி விடலாம். காய்ந்த ஓலையை மெல்லிய பரப்பாக மூடாக்கு இடலாம். குவியலாக்கினால் அதிலும் வண்டு குடியேறும். பச்சை மட்டையை அழகுக்காகக் கழிக்கக்கூடாது. ஒவ்வொரு மட்டையும் தன் மடியிலுள்ள குலைக்குச் சோறு போடுகிறது. மழைக்காலத்தில் வாய்க்காலைத் தூர் வாரி, அடியில் நீர் தேங்காமல் பார்க்க வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். ஓயாத ஈரத்தில் குருத்தழுகல் நோயும் வரும்.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியவை

முதலாவது, வண்டின் தொட்டிலைக் கலைப்பது. பட்ட மரத்தை நிற்கவும் விடக்கூடாது, கிடக்கவும் விடக்கூடாது. பிளந்து உலர்த்த வேண்டும். எருக்குழியை மாதம் ஒரு முறையாவது கிளறிப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடலாம்.

இரண்டாவது, மட்டை இடுக்கைக் காப்பது. கைக்கெட்டும் உயரமுள்ள மரங்களில் குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் மணல் போடுவது பழைய வழக்கம். தமிழ்நாட்டில், ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளுக்கு இரண்டு பங்கு மணல் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் போடச் சொல்கிறார்கள். அல்லது 45 நாளுக்கு ஒரு முறை இடுக்குக்கு ஒன்றாக மூன்று பாச்சை உருண்டைகளை வைத்து மணலால் மூடச் சொல்கிறார்கள். நம் கோயில் வேப்பமரத்தின் கீழே வீணாகும் கொட்டைகளுக்கு இது நல்ல பயன். பாச்சை உருண்டை நஞ்சு. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

மூன்றாவது, மரத்தைக் காயப்படுத்தாதிருப்பது. ஏறுவதற்காகத் தண்டில் படி வெட்டுவதும், விளக்குக்காக ஆணி அடிப்பதும் கூன்வண்டுக்கு வரவேற்பு வளைவு கட்டுவதாகும். பச்சை மட்டையை வெட்டியே ஆக வேண்டுமென்றால் தண்டோடு ஒட்ட வெட்டாமல் நான்கடி நீளம் விட்டு வெட்ட வேண்டும்.

நான்காவது, வாசனைப் பொறி. வண்டை ஈர்க்கும் வாசனைப் பொட்டலத்தை வாளியில் தொங்கவிடும் பொறிகள் இப்போது கிடைக்கின்றன. ஆனால் அதை நம் மரத்திலேயே கட்டினால், ஊரிலுள்ள வண்டையெல்லாம் விருந்துக்கு அழைத்தது போலாகும். வந்த வண்டெல்லாம் வாளியில் விழுவதில்லை. பொறி மரங்களுக்குத் தள்ளியே இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒன்றாக அல்லாமல், குடியிருப்பே பேசி முடிவு செய்து வைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்தப் பேசி முடிவு செய்வதுதான். வண்டுக்கு வேலி தெரியாது. என் கொல்லையை நான் பளிங்காக வைத்திருந்தாலும் அடுத்த கொல்லையில் ஒரு தண்டு மக்கினால் என் மரம் தப்பாது. லயங்களில் வாழ்ந்த காலத்தில் திருவிழாவுக்கு முன் எல்லாரும் கூடி வாய்க்கால் வெட்டி, புல் செருக்கி, கோயிலைச் சுற்றிச் சுத்தம் செய்தோமே, அந்தப் பழக்கம் பட்டணத்து வீடமைப்புப் பகுதிக்கு வந்த பின்னும் நம்மை விட்டுப் போகக்கூடாது. ஆண்டுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்.

தமிழன் மாங்கன்று என்பான், வாழைக்கன்று என்பான். தென்னையை மட்டும் தென்னம்பிள்ளை என்பான். காலில் வார்த்த நீரைத் தலையால் திருப்பித் தரும் மரம் என்று ஔவையார் மூதுரையில் நன்றிக்கு உவமை காட்டியதும் இதைத்தான். பாகான் டத்தோவுக்குப் போகிறவர்கள் இளநீர் குடித்துவிட்டு மட்டும் திரும்பாமல், அந்த மரங்களின் தலையை ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். பிறகு உங்கள் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் பழைய தண்டைப் பாருங்கள். இந்த வாரமே அதைப் பிளந்து போடுங்கள்.